தொண்ணூற்றெட்டு மார்க்கு

மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நிற்கிறது கை, முட்டியில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறது, கட்டைவிரல் நகம் பஸ் டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கறுத்திருக்கிறது, நான் கண்ணைச் சிமிட்டவில்லை, கை கொண்டுவந்த காற்று மட்டும் என் நெற்றி மயிரைத் தூக்கிவிட்டுப் போகிறது, பாத்தியா, சிமிட்டல பாரு, என்று நைனாவின் குரல் மேலே எங்கிருந்தோ கேட்கிறது, அப்போது எனக்கு ஆறு வயது இருக்கலாம், அல்லது பதினாறு, அல்லது அது நேற்றாக இருக்கலாம், அந்தக் கை எப்போதும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், எங்கள் தெருவில் குத்துச்சண்டையை வாயால் மட்டும் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள், எழுந்து நின்று காட்டவேண்டும், காட்டுவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் டிபோவிலிருந்து நைனாவின் கண்டக்டர் சிநேகிதர்கள் வந்து உட்கார்ந்ததும் அந்த ஆளாக என்னைக் கூப்பிடுவார்கள், பேசாத பிள்ளை, சொன்ன இடத்தில் நிற்கும், அழாது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணைச் சிமிட்டாது, வாடி என் பெஞ்சமினு, என்பார் நைனா, நான் போய் நிற்பேன்.

பெஞ்சமின் என்றால் சுத்தி பெஞ்சமின், அவன் குத்தினால் சுத்தியலால் அடித்ததுபோல் இருக்குமாம், அவன் நைனாவின் ஆள் இல்லை, நைனாவின் ஆள் நிழல் லோகநாதன், நிழலை எப்படிக் குத்த முடியாதோ அப்படி அவனையும் குத்த முடியாது, குறையே இல்லாத குத்துச்சண்டைக்காரன் என்று ஒருவன் இருக்க முடியுமா, அதற்கு மிகப் பக்கத்தில் வந்தவன் யார், இதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் ஒரே கேள்வி, ஒருத்தனுக்குக் காலு இருந்துச்சு, கை இல்ல, ஒருத்தனுக்குக் கை இருந்துச்சு, நெஞ்சு இல்ல, ராயபுரத்தாண்ட ஒருத்தன் இருந்தான், அவனுக்கு எல்லாமே இருந்துச்சு, ஆனா பசி தாங்கமாட்டான், மூணாவது ரவுண்டுல பிரியாணி வாசன வந்துச்சுன்னா திரும்பிப் பாத்துடுவான், என்று பேச்சு போகும், நைனா மார்க்குப் போடுவார், காலுக்கு இருபத்தைந்து, கைக்கு இருபத்தைந்து, நெஞ்சுக்கும் தலைக்கும் அதே மாதிரி, யாருக்கும் எண்பதைத் தாண்டாது, லோகநாதனுக்கு மட்டும் தொண்ணூற்றெட்டு, அந்த ரெண்டு மார்க்கு எங்க எத்திராஜு போச்சு, என்று யாராவது சீண்டுவார்கள், நைனா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார், குத்து வர்ற நேரத்துல கண்ண சிமிட்டுவான்பா, அவனாண்ட அது ஒண்ணுதான் கொற, என்பார், பிறகு என் உச்சந்தலையில் கை வைத்து, இது சிமிட்டாது, இதுக்கு நூத்துக்கு நூறு, என்பார், பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் நூறு கொடுத்ததில்லை.

லோகநாதனும் பெஞ்சமினும் ஒரே ஒருமுறைதான் மோதினார்கள், நான் பிறப்பதற்குப் பதினைந்து வருடம் முன்னால், ரயில்வே லைனை ஒட்டிய ஒரு மைதானத்தில், பலகை அடித்த மேடை, ஜெனரேட்டர் விளக்கு, நான்கு ரவுண்டு வரை யார் கை ஓங்கியது என்று சொல்லமுடியவில்லை, ஐந்தாவது ரவுண்டில் பெஞ்சமின் ரைட்டை எடுக்கிறான், லோகநாதன் லெஃப்ட்டை எடுக்கிறான், அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது, மைதானம் முழுக்க இருட்டு, மறுபடி விளக்கு வந்தபோது இரண்டு பேரும் பலகைமேல் உட்கார்ந்திருந்தார்கள், எதிரெதிரே, முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் மற்றவர் கை, சமம் என்று நடுவர் சொல்லிவிட்டார், இதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், இதற்குமேல்தான் தகராறு, ஏனென்றால் மைதானத்திலிருந்த அத்தனை பேருக்கும் அந்த இருட்டில்தான் எல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கிறது, நைனாவுக்குத் தெரிந்தது இது, ரைட்டு வருது, லோகநாதன் தலைய இம்மாந்தூண்டு நவுத்தறான், காதோரமா காத்து மாதிரி போய்டுது, அப்ப வுட்டான் பாரு லெஃப்ட்டு, மூக்குமேலயே, எத்தனை நூறு முறை அந்த ரைட்டை நான் நைனாவின் காதோரமாக விட்டிருப்பேன், எத்தனை நூறு முறை அந்த லெஃப்ட் என் மூக்கின் முன்னால் வந்து நின்றிருக்கும், சண்டை போட்டவங்களையே கேட்டிருக்கலாமே, என்று அம்மா ஒருமுறை அடுப்படியிலிருந்து சொன்னாள், கேட்டோமே, ரெண்டு பேரும் சிரிச்சானுங்க, அவ்ளோதான், என்றார் நைனா, இப்போது லோகநாதனும் பெஞ்சமினும் உயிரோடு இல்லை, நான் அந்தச் சண்டையைப் பார்த்ததில்லை, ஆனால் அதில் இருந்திருக்கிறேன், கனவில் அது அடிக்கடி வரும், என் கையில் பெரிய கிளவுஸ், காலடியில் பலகை அதிரும், ரைட்டை எடுப்பேன், விளக்கு அணையும், அப்புறம் இருட்டுக்குள் யாரோ இரண்டு பேர் சிரிக்கிற சத்தம், விழித்துப் பார்த்தால் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

வேதியியல் படித்தேன், தண்ணீர் பரிசோதிக்கிற ஒரு கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடவேண்டும், கீழே குடுவையில் இருக்கிற தண்ணீர் ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று நிறம் மாறும், அந்தச் சொட்டைத் தவறவிட்டால் முதலிலிருந்து செய்யவேண்டும், நான் தவறவிட்டதே இல்லை, உன் கண்ணு எப்படிம்மா இப்படி நிக்குது, என்று கேட்பார்கள், நான் சிரிப்பேன், என்ன சொல்வது, குத்துக்கு முன்னால் நின்று பழக்கம் என்றா சொல்லமுடியும், பேசவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு வருவதே எனக்கு வழக்கமாகிவிட்டது, பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள், மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லி அனுப்பினார்கள், பொண்ணு வாயே தொறக்கலயே, நாலாவதாகப் பெரம்பூரிலிருந்து வருவதாகச் சொன்னபோது அம்மா என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, நாலு வார்த்த, நாலே நாலு வார்த்த பேசிடு கண்ணு, என்றாள், நான் தலையை ஆட்டினேன், ஆட்டினதே தவிர வார்த்தை வரவில்லை.

மொட்டை மாடியில் நிற்கிறோம், கொடியில் காய்கிற துணிகளுக்கு நடுவில், சாயங்கால வெயில், பெரம்பூர் மாப்பிள்ளையும் நானும், அவர் பெயர் மதியழகன், ரயில் பெட்டிகளுக்கு பிரேக் சரிபார்க்கிற வேலை, கீழே கூடத்தில் அவருடைய அம்மாவும் அப்பாவும், அவர் ஏதோ சொல்லத் தொடங்குகிறார், நான் என் கால்விரலைப் பார்க்கிறேன், அப்போது ஒரு கொசு என் முகத்தருகே பறக்கிறது, அவர் கையை வீசி அதைப் பிடிக்கப் பார்க்கிறார், கை என் மூக்குக்கு மிக அருகில் வந்துபோகிறது, நான் சிமிட்டவில்லை, அவர் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது, இன்னாங்க இது, கண்ணே சிமிட்டலியே நீங்க, என்றார், பழக்கம், என்றேன், முதல் வார்த்தை, என்ன பழக்கம், என்றார், எங்க நைனா பாக்சிங் பைத்தியம், என்னைத்தான் நிக்க வெச்சுக் காட்டுவாரு, என்றேன், எண்ணிப் பார்த்தால் நாலைத் தாண்டிவிட்டிருந்தது, அவர் முகம் விரிந்துகொண்டே போனது, ஐயோ, எங்க வீட்லயும் அதே கததாங்க, எங்கப்பா என்னை நிக்க வெச்சு வெச்சு, ஆனா நான் சிமிட்டிடுவேன், இருபத்தெட்டு வயசாகியும் சிமிட்றானேன்னு திட்டுவாரு, என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார், நானும் சிரித்தேன், சத்தம் வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன், அப்புறம் அவர் கேட்டார், உங்க வீட்ல நீங்க யாரு, எனக்குப் புரிந்தது, பெஞ்சமின், என்றேன், அவர் சிரிப்பு அப்படியே நின்றது, கொடியில் ஒரு வேட்டி மட்டும் படபடத்தது, எங்க வீட்ல நான் லோகநாதன், என்றார்.

அப்படியென்றால் அவருடைய அப்பா பெஞ்சமின் கட்சி, என் நைனா லோகநாதன் கட்சி, இரண்டு பேரும் கீழே ஒரே சோபாவில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறார்கள், பேச்சு எங்க போனாலும் சரி, பாக்சிங் பக்கம் போவாம பாத்துக்கணும், மழைய பத்திப் பேச வைங்க, என்றார் மதி, படி இறங்கிக்கொண்டே, மழையே இல்லியே, என்றேன் நான், அப்போ மழை ஏன் இல்லன்னு பேச வைங்க, என்றார், படியில் இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவரோடு பேச எனக்கு வார்த்தை வருகிறது, இவர் போய்விடக்கூடாது, இது மட்டும்தான் என் மனசில் ஓடுகிறது, கடைசிப் படியில் கால் வைக்கும்போதே கூடத்திலிருந்து நைனாவின் குரல் கேட்டது, யோவ், இன்னாய்யா சொல்ற நீ, மூக்குமேல பட்டத என் கண்ணால பாத்தேன்யா.

நைனா நின்றுகொண்டிருந்தார், வலது காலைப் பின்னால் வைத்து, லுங்கிக்குப் பழகின கால் புது வேட்டியில் தடுக்கிக்கொண்டிருந்தது, மதியின் அப்பா ஏகாம்பரம், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் பாதி வாழைக்காய் பஜ்ஜியுடன் எதிரில், எந்தக் கண்ணால பாத்தீங்க, கரண்டே இல்ல, இருட்டுல உங்களுக்கு மட்டும் எப்டி தெரிஞ்சுச்சு, என்று அவர் கேட்டார், உங்களுக்கு எப்டி தெரிஞ்சுச்சோ அப்டித்தான், என்றார் நைனா, ஏகாம்பரம் விடவில்லை, நான் மேடைக்குப் பக்கத்துல இருந்தேன், லோகநாதன் லெஃப்ட்டு வுட்டான், பெஞ்சமின் தலைய நவுத்தினான், லெஃப்ட்டு காதோரமா போச்சு, அதுக்குமேல வுட்டான் பாருங்க ரைட்டு, தாடையில, சத்தம் கேட்டுச்சு எனக்கு, என்றார், அது பலகை ஒடஞ்ச சத்தமா இருக்கும், என்றார் நைனா, அம்மா காபி டம்ளரைத் தட்டோடு பிடித்தபடி நடுவில் புகுந்து, அண்ணே, ஆறிடும், எடுத்துக்கோங்க, என்றாள், யாரும் எடுக்கவில்லை, நூத்துக்கு நூறு பெஞ்சமினு, ஒரு மார்க்கு கொறைக்க இந்த மெட்ராசுல ஆளு இல்ல, என்றார் ஏகாம்பரம், நூறா, கால நவுத்தத் தெரியாதவனுக்கு நூறா, அம்மிக்கல்ல தூக்கி மேடையில வெச்சா அதுக்கும் நூறு போடுவீங்களா, என்றார் நைனா, அவ்வளவுதான், ஏகாம்பரம் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார், பெஞ்சமின அம்மிக்கல்லுன்னு சொன்ன வூட்ல நமக்கு என்ன வேல, ஏந்திரி, என்றார் தன் மனைவியைப் பார்த்து, அவர்கள் கொண்டுவந்த தாம்பூலத் தட்டு டீப்பாய்மேல் இருந்தது, பழம், வெற்றிலை, வாழையிலையில் சுற்றி நார் கட்டின பூப்பொட்டலம், பிடித்துப்போனால் என் தலையில் வைத்துவிட்டுப் போவதற்காகக் கொண்டுவந்தது, மதியின் அம்மா அந்தப் பொட்டலத்தின்மேல் கை வைத்தாள், நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது பொட்டலத்தைப் பிரிக்கப்போகிறதா, எடுத்துப் பையில் போடப்போகிறதா, குழாயின் நுனியில் தொங்குகிற சொட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காட்றேன், இப்பவே காட்றேன், என்றார் நைனா, வாடி என் பெஞ்சமினு, என்று கூப்பிட்டார், அத்தனை வருடப் பழக்கம், பட்டுப்புடவையோடு நான் போய் நின்றுவிட்டேன், அதெல்லாம் நான் காட்றேன், டேய் லோகநாதா, வந்து நில்றா, என்றார் ஏகாம்பரம், மதியும் வந்து நின்றுவிட்டார், எங்கள் கூடம் சின்னது, இரண்டு அப்பாக்களுக்கும் மகன் மகளோடு தனித்தனியாகச் சண்டை போட இடமில்லை, நானும் மதியும் நடுவில் எதிரெதிரே நிற்கிறோம், அப்பாக்கள் ஆளுக்கு ஒரு பக்கம், யாரும் எங்களைச் சேர்த்து நிறுத்தவில்லை, நின்றுவிட்டோம், அவ்வளவுதான், அஞ்சாவது ரவுண்டா, என்றார் மதி மெதுவாக, ம், என்றேன், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன், எனக்கு அவர் முகம் தெரிந்தது, பிறகு அது நைனாவின் முகமானது, பிறகு நான் பார்த்தேயிராத லோகநாதனின் முகமானது, காலடியில் சிமெண்ட் தரை பலகைபோல அதிர்ந்தது, வுடு, என்று நைனா கத்தினார், அதே நொடியில், வுட்றா, என்று ஏகாம்பரமும் கத்தினார், நான் ரைட்டை விட்டேன், வாழ்நாளெல்லாம் விட்ட மாதிரியே, அவர் லெஃப்ட்டை விட்டார், வாழ்நாளெல்லாம் விட்ட மாதிரியே, என் கை அவர் காதோரமாகப் போனது, அவர் கை என் காதோரமாகப் போனது, தடுக்க எதிரில் ஒன்றும் இல்லை, போன வேகத்தில் தோளும் தோளும் இடித்தன, விழாமல் இருக்க அவர் தோளை நான் பிடித்தேன், என் தோளை அவர் பிடித்தார், இருவரும் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டோம், எதிரெதிரே, முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு.

நைனா எங்களைப் பார்த்தார், ஏகாம்பரம் எங்களைப் பார்த்தார், இரண்டு பேரும் இருட்டு விலகி விளக்கு வந்த மைதானத்தைப் பார்ப்பதுபோல் வாயைத் திறந்தபடி, நான் பேசினேன், தரையில் உட்கார்ந்தபடியே, பட்டுப்புடவை முட்டியில் கசங்கிக் கிடக்க, மூக்குல குத்து பட்டிருந்தா பெஞ்சமின் பின்னாடி போய் விழுந்திருக்கணும் நைனா, தாடையில பட்டிருந்தா லோகநாதன் பக்கவாட்டுல சாஞ்சிருக்கணும் மாமா, ரெண்டு பேரும் இப்டி உக்காந்திருந்தாங்கன்னா அதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு, நைனா சொல்றாரு, பெஞ்சமின் குத்து படலன்னு, அது சரி, மாமா சொல்றாரு, லோகநாதன் குத்து படலன்னு, அதுவும் சரி, ரெண்டு பேர் குத்தும் படல, ரெண்டு பேரும் தலைய நவுத்திட்டாங்க, அப்புறம் இடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க, அதான் கேட்டதுக்கு சிரிச்சிருக்காங்க, என்றேன், அவ்வளவு நீளமாக நான் அதற்குமுன் பேசியதில்லை, மூச்சு வாங்கியது, இன்னாம்மா சொன்ன, என்றார் ஏகாம்பரம், ரெண்டு குத்தும் படலன்னு சொல்லுது, என்றார் நைனா, அது கேட்டுச்சுங்க, அதுக்கு முன்னாடி, என்றார் ஏகாம்பரம், மாமான்னுச்சு, என்று மதியின் அம்மா சொன்னாள், நான் எழுந்திருக்கப் பார்த்தேன், ஏந்திரிக்காத, அப்டியே உக்காரு, தலைய மட்டும் காட்டு, என்று பொட்டலத்தின் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள், மல்லிகையின் ஈரம் என் பின்கழுத்தில் பட்டது, மதி சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டார், அப்புறம் நைனா ஏகாம்பரத்தைப் பார்த்தார், நாப்பது வருஷமா நீங்க அங்க, நான் இங்க, படாத குத்துக்கா சண்ட போட்டோம், என்றார், படாத குத்து வுட்டவனுக்கு எத்தினி மார்க்கு போடுவீங்க, என்றார் ஏகாம்பரம், படாம தப்பிச்சவனுக்கு போட்டாவணுமில்ல, என்றார் நைனா, ரெண்டு பேருமே தப்பிச்சானுங்களே, என்றார் அவர், பிறகு இருவரும் ஒரே தட்டிலிருந்து ஆறிப்போன பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, ஐந்தாவது ரவுண்டை விட்டுவிட்டு மூன்றாவது ரவுண்டுக்குப் போனார்கள், அதிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, ஆனால் இந்தமுறை உட்கார்ந்துகொண்டே பேசினார்கள்.

கெட்டிமேளம் ஓய்ந்துவிட்டது, அட்சதை இன்னும் மடியில் கிடக்கிறது, முன்வரிசையில் நைனாவும் மாமாவும் பட்டுவேட்டியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாமாவின் முழங்கை காற்றில் ஏதோ ஒரு கோணத்தில் மடங்கி நிற்கிறது, நைனா இல்லை இல்லை என்று தலையை ஆட்டி அதைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுகிறார், மூன்றாவது ரவுண்டு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது, குங்குமம் வைங்க, என்கிறார் ஐயர், முன்பக்கமா வந்து வைங்க சார், கேமராவுக்குத் தெரியணும், என்கிறார் போட்டோ எடுப்பவர், மதி சிமிழில் விரலைத் தோய்க்கிறார், கை என் முகத்தை நோக்கி வருகிறது, எனக்கு ஆறு வயதாகிறது, பதினாறாகிறது, நைனாவின் கை, முட்டியில் வெள்ளைத் துணி, இல்லை, இது விரித்த கை, நுனிவிரலில் சிவப்பு, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் வருகிறது, அங்கேதான் அது எப்போதும் நிற்கும், நிற்கவில்லை, மேலே ஏறி அந்த ஒரு விரற்கடையையும் தாண்டி வந்து நெற்றியில் படுகிறது, பட்ட இடம் குளிர்ச்சியாக இருக்கிறது, குங்குமம் பொடிப்பொடியாக மூக்குமேல் உதிர்கிறது, நான் கண்ணைச் சிமிட்டிவிட்டேன், ஒருமுறை இல்லை, இரண்டு முறை, மூன்று முறை, மதி சிரிக்கிறார், அவர் இன்று சிமிட்டவே இல்லை, முன்வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம், மண்டபம் முழுக்கக் கேட்கிறமாதிரி நைனாவின் குரல், ஐயையோ, சிமிட்டிட்டா, போச்சு, ரெண்டு மார்க்கு போச்சு.